சீர்க்குட்டி

அக்டோபர் 20, ஞாயிறு

தீவனக் கடையில் கொடுத்த டைரி இது. மாப்பிள்ளை எந்தப் பட்டிக்கு எந்தத் தேதியில் போனான், அங்கே தாய்ப்பன்றி எப்போது ஈனும் என்று குறித்து வைக்கத்தான் வைத்திருக்கிறேன். இன்று குறிக்க ஒன்றும் இல்லை. கோபம்தான் இருக்கிறது. இவரிடம் சொன்னால் "விடு அமலி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். டைரி அப்படிச் சொல்லாது.

காலைப் பூசையில் என் பக்கத்தில் உட்கார வந்த ரெக்சலின், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். நான் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்துப் போயிருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் தூக்குவாளியோடு முதல் ஆளாக நின்றது யார்? "ஈரல் கொஞ்சம் சேத்துப் போடுங்கக்கா" என்று இழைந்தது யார்? கறி மணக்கிறது, வளர்க்கிறவள் நாறுகிறாளாம்.

போகட்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வெண்பன்றி வளர்க்கிறவர்கள் நாலைந்து வீடுதான். ஆண் பன்றி எங்களிடம் மட்டும்தான். அது தின்கிற தீனிக்குக் கட்டுபடியாகாது என்று மற்றவர்கள் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஆள்தான் வீடு வீடாகப் போய் வருவான். அதனாலேயே அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. குட்டிகள் பால்குடி மறந்ததும், நான் கை காட்டுகிற குட்டி ஒன்று எங்களுக்கு வரும். மாப்பிள்ளைக்குச் செய்கிற சீர். சீர்க்குட்டி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் கரட்டடியிலிருந்து சவுந்தரி போன் செய்தாள். என் மகளிர் குழுவில் இருக்கிறவள். புருஷன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். குழுக்கடன் வாங்கிப் பன்றி வளர்க்கச் சொன்னதே நான்தான்.

"அமலிக்கா, பதினோரு குட்டியும் தொட்டியில வாய் வைக்க ஆரம்பிச்சிருச்சு. சீர் எப்ப எடுத்துக்க வர்றீங்க? கண்ணோரமா கருப்பு மச்சத்தோட ஒண்ணு இருக்கு, படு சுட்டி. யாரு கேட்டாலும் தரமாட்டேன்னு வச்சிருக்கேன்."

இவளுக்கு இருக்கிற மனசு அந்த ரெக்சலினுக்கு இருந்தால் ஊர் உருப்படும்.

அக்டோபர் 29, செவ்வாய்

கறிக்கடைப் பீட்டர் ஒரு செய்தி கொண்டு வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் பன்றிகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றனவாம். ஆப்பிரிக்கக் காய்ச்சலாம். மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. மனிதருக்கு ஒட்டாதாம், அது ஒன்றுதான் நல்ல செய்தி. கலெக்டர் தடை போட்டுவிட்டால் ஒரு குட்டியைக்கூட ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியாது என்றான்.

எனக்கு இரண்டு இடத்தில் சீர் பாக்கி இருக்கிறது. ஓடைக்கு அப்பால் சூசைராஜ் பட்டியில் ஒன்று, சவுந்தரியிடம் ஒன்று. தடை வந்தால் இரண்டும் அங்கேயே நின்றுவிடும். வளர்ந்த பிறகு எந்தச் சீரை யார் தரப்போகிறார்கள்?

நவம்பர் 1, வெள்ளி

இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் வேலை முடிந்தது. ஒரே நடையில் இரண்டு சீர்.

தீபாவளிக்கு அடுத்த நாள் என்பதால் ஆட்டோ கிடைக்கவில்லை. இவர் பங்குக் கோயில் விடுதியில் சமையல் செய்கிறார், அங்கே காலையிலேயே போய்விட்டார். இவருடைய டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு சாக்கை மடியில் வைத்துக் கிளம்பினேன். முதலில் சூசை பட்டி. உள்ளே இறங்கி அலசிப் பார்த்தேன். ஒரு தாய் மூலையில் படுத்துக் கிடந்தது, காதெல்லாம் சிவந்திருந்தது. "என்னய்யா இது?" என்றேன். "வெக்கைக்கா, ரெண்டு நாளா தீனி எடுக்கல, சரியாயிரும்" என்றான். ஐப்பசியில் என்ன வெக்கையோ. குட்டிகள் நன்றாகத்தான் ஓடின. ஒன்றைப் பிடித்துச் சாக்கில் போட்டேன்.

அங்கிருந்து நேரே கரட்டடி. சவுந்தரி பட்டியை வீடு மாதிரி வைத்திருக்கிறாள். பட்டிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கிக்கிடந்தது. "கிறிஸ்துமஸ் வித்து முடிஞ்சதும் ஒத்தை ரூம் கட்டிருவேன்க்கா. அண்ணி வாய்க்கு அப்புறம் பூட்டுதான்" என்றாள். சாக்கைப் பட்டிக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டு மச்சக்குட்டியை விரட்டினேன். என்னைப் பட்டி முழுக்கச் சுற்றவிட்டது, கழுதை. இரண்டு தாயும் என் பூட்ஸை முகர்ந்து முகர்ந்து பார்த்தன. கடைசியில் பிடித்து அதே சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். காப்பி குடிக்காமல் விடவில்லை அவள்.

புதுக்குட்டி இரண்டையும் பின்னால் பழைய விறகுக் கொட்டகையில் விட்டிருக்கிறேன். சாயங்காலம் இவர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் சாக்கு ஒண்ணுதான் கொண்டு போனியா?" என்று கேட்டார். பிறகு என் பூட்ஸை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் கேட்கவே இல்லை, தானாகச் செய்தார்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவந்தி வைத்து, மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றில் நிற்கவில்லை. இரண்டு தீப்பெட்டி காலி.

நவம்பர் 7, வியாழன்

சூசை கொடுத்த குட்டி செத்துவிட்டது. இடம் மாறிய அதிர்ச்சி, சாக்கில் வந்த களைப்பு, இந்த மழை. சிறு குட்டிகளுக்கு அப்படி ஆவது உண்டு. தென்னை மரத்துக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். மச்சக்குட்டி நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு இனி நானே தீனி போடுவது என்று முடிவு. கொட்டகைக்குப் போய்விட்டு அவனிடம் போனால் செருப்பு மாற்றிக்கொள்கிறேன். சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு.

நவம்பர் 8, வெள்ளி

சூசை பட்டியில் மூன்று சாவு. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறான். இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். என்னிடம் போனில் சொன்னான்: "அக்கா, உங்களுக்குக் குட்டி குடுத்ததை நான் வாயத் தொறக்கல. நீங்களும் மூச்சு விட்டுறாதீங்க. நோய்ன்னு தெரிஞ்சும் குடுத்தேன்னு கேஸப் போட்டுருவாங்க."

நான் எதற்குச் சொல்லப் போகிறேன்?

நவம்பர் 13, புதன்

சூசை வீட்டு நோய் அதேதான். பரிசோதனையில் தெரிந்துவிட்டதாம். சமுதாயக் கூடத்தில் பன்றி வளர்க்கிறவர்களைக் கூட்டி டாக்டரம்மா பேசினார். இளங்கோதை என்று பெயர். சின்ன வயசுதான். சத்தம் போடாமல், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்.

நோய் வந்த பட்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போடுவார்களாம். அதற்குள் இருக்கிற எல்லாப் பன்றியையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊசி போட்டுப் புதைத்துவிடுவார்களாம். எடைக்கு ஏற்றபடி அரசாங்கம் இழப்பீடு கொடுக்கும்.

"ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நாங்க வந்து பாக்கிறப்ப உயிரோட இருக்கிற பன்னிக்குத்தான் பணம். அதுக்கு முந்தி செத்துப்போச்சுன்னா ஒரு ரூபாய்கூட வராது. அதனால தீனி எடுக்கலன்னாலே போன் பண்ணுங்க, மறுநாளே டீமோட வந்துருவேன்" என்றார்.

சூசை பட்டியிலிருந்து நாங்கள் தூரம். வட்டத்துக்கு வெளியே. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். "நீங்க யாராவது கொஞ்ச நாளுக்குள்ள சூசைராஜ் பட்டிக்குப் போனீங்களா? அங்க இருந்து குட்டி, தீவனம், சாக்கு எதாச்சும் கொண்டு வந்தீங்களா? செருப்புல ஒட்டின சாணி போதும்மா, இது பரவ. யார் மேலயும் பழி போட இல்ல. எங்க போயிருக்கும்னு தெரிஞ்சா அந்தப் பட்டிய முன்கூட்டியே காப்பாத்தலாம், இல்லாட்டி பணமாவது வாங்கிக் குடுக்கலாம்."

என் முறை வந்தது. "எங்கயும் போகல" என்றேன்.

சவுந்தரி வரவில்லை, பூப்பறிக்கப் போயிருந்தாள். "குழுத் தலைவிதானே நீங்க, கரட்டடியில அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிருங்கம்மா" என்று டாக்டரம்மா என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். சாயங்காலமே போனில் சொல்லிவிட்டேன். நோய் வந்திருக்கிறது, பட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடு, யாரையும் உள்ளே விடாதே என்றேன். இழப்பீடு விஷயம் சொல்வதற்குள் அவளுக்குக் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

நவம்பர் 14, வியாழன்

கூப்பிட்டது நான். அவளுக்கு ஏன் காசு தீரும்? நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறேன்.

காலையில் சவுந்தரி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அக்கா, பெரிய தாய் எந்திரிக்க மாட்டேங்குது. தீனியத் திரும்பியே பாக்கல. காதெல்லாம் செவந்திருக்கு. டாக்டருக்குப் போன் போடவா?"

அவள் பட்டிக்கும் எங்கள் பட்டிக்கும் நடுவே ஒரு மேட்டுக்காடுதான். அங்கே வட்டம் போட்டால் நாங்கள் நடுவில் நிற்போம். மாப்பிள்ளை, மூன்று தாய், கிறிஸ்துமஸுக்கு வளர்த்த உருப்படி எல்லாம். எதற்கும் ஒரு தும்மல்கூட இல்லை. மாப்பிள்ளை காலையில்தான் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டுக் கூத்தடித்தான்.

"மழைச் சளியா இருக்கும்டி. வெல்லத் தண்ணி குடு. ரெண்டு நாள் பாப்போம்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

வெல்லத் தண்ணியைக் குடித்ததாம். கொஞ்சம் தலையைத் தூக்குகிறதாம். பார்த்தீர்களா?

நவம்பர் 16, சனி

இவர் சாப்பிடும்போது, "சவுந்தரி வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். குழம்பில் உப்புக் குறை. தானே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

பெரிய தாய் போய்விட்டது. சின்னதும் விழுந்துவிட்டது. பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சவுந்தரி பட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. நேற்று இரண்டு தாயும், இன்று விடிவதற்குள் குட்டிகள் பத்தும். அவளே அழுதுகொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர்கள் வந்து பார்த்தபோது உயிரோடு ஒரு காது ஆடவில்லை. புதைத்து, மருந்தடித்துவிட்டுப் போனார்களாம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா எல்லாத்துக்கும் பணம் வாங்கிக் குடுத்திருப்பேனே. தகவல் வரலியா உங்களுக்கு?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டாராம். இவள் "வந்துச்சு மேடம், நாந்தான் சளின்னு நெனச்சுட்டேன்" என்றிருக்கிறாள். இதை என்னிடம் சொன்னதும் அவள்தான், போனில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. என் பெயர் அதில் எங்கும் வரவில்லை.

எங்களுக்கு நாளை மறுநாள் வருகிறார்கள். வட்டத்துக்குள் இருக்கிறோம்.

நவம்பர் 20, புதன்

எழுத முடிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

ஜேசிபி முதலில் வந்தது. எங்கள் கொய்யா மரத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். வெள்ளை உடுப்பு, கையுறை, முகமூடி என்று ஏழெட்டுப் பேர். எடை மெஷினைச் சமதரை பார்த்து வைத்தார்கள். தாய்கள் சத்தம் போட்டன. கிறிஸ்துமஸ் உருப்படிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இவர் விடுதிக்கு லீவு போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விறகுக் கொட்டகையைத் திறந்தார்கள். மச்சக்குட்டி காலையிலிருந்து சுருண்டு கிடந்தது. டாக்டரம்மா குனிந்து அதைப் பார்த்தார். "இது மட்டும் ஏன் தனியா இருக்கு? உங்க பட்டியில இந்த வயசுக் குட்டி வேற இல்லையே?" என்றார்.

"தாய் சேத்துக்கல, அதான் தனியா வளத்தேன்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குட்டியைத் தூக்கி மெஷினில் வைத்தார். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எடையைக் குறித்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை கடைசி. நாலு பேர் கயிற்றோடு உள்ளே போனார்கள், ஒரு முட்டு முட்டி இரண்டு பேரை விழத்தட்டினான். "விடுங்கய்யா, அவன் உங்களுக்கு வரமாட்டான்" என்று நான்தான் உள்ளே இறங்கினேன். வெளியூர்ப் பட்டிக்குக் கூட்டிப் போகும்போது எப்போதும் வெல்லக்கட்டியைக் காட்டி முன்னால் நடப்பேன். இன்றும் அப்படியே காட்டினேன். எங்கேயோ புது வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, குஷியாக வந்தான். மெஷினில் தானாக ஏறினான். வெல்லத்தைத் தின்றுகொண்டிருக்கும்போதே ஊசி போட்டார்கள்.

என் உள்ளங்கையெல்லாம் அவன் எச்சில். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவினேன்.

நவம்பர் 21, வியாழன்

விடிந்ததும் கை தானாகத் தவிட்டு வாளியை எடுத்தது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். இவர் கறிக்கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தார்.

காலைப் பூசையில் சவுந்தரி கடைசித் தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்ததும் இரண்டு பேர் எழுந்து நகர்ந்தார்கள். வெளியே வந்ததும் ரெக்சலின் காதுபடவே சொன்னாள்: "கல்யாண மண்டபத்து எச்சச் சோத்த வாங்கிப் பன்னிக்குப் போட்டு வளத்தா. அதுலதான் எல்லாம் வந்துச்சு. அவ ஒருத்தியால ஊரு பன்னியே போச்சு, பாவம் நம்ம அமலிக்காவும் போனாங்க."

சவுந்தரி மண்டபத்துச் சோறு வாங்கியது உண்மை. அண்டா வைத்துக் கொதிக்கவிடாமல் ஒரு நாளும் போட மாட்டாள். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததே நான். நான் ரெக்சலினுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். எனக்கா வாய் இல்லை? இன்று வரவில்லை. "குளிருது, வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கரட்டடி வழியாக டிராக்டர் வந்தது. பின்னால் செங்கல். ஓட்டுகிறவனிடம் யாருடையது என்று கேட்டேன். "சவுந்தரிக்கா வித்துட்டாங்க. குழுத் தவணை கட்டணுமாம்" என்றான்.

பிப்ரவரி 12, புதன்

இழப்பீடு வங்கியில் வந்து விழுந்திருக்கிறது. செல்போனில் செய்தி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம், அவன் எடைக்கு. பட்டியலில் கடைசியில் மச்சக்குட்டிக்கும் ஒரு தொகை. சவுந்தரி வீட்டுக் குட்டிக்கு எனக்குப் பணம்.

இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவளுக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்த மனுஷன் முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று சவுந்தரி வந்தாள். வெளியே நின்றுகொண்டே பேசினாள். நோய் முடிந்து மூன்று மாதமாகியும் செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, ரொம்ப நாளா வரணும்னு. மூஞ்சி இல்லாமதான் வரல. ஊருல சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். ஒரு நாளு வெறகு ஈரமா இருந்துச்சு, சோறு சரியாக் கொதிக்கலயோ என்னமோ. என்னால மாப்பிள்ளை போயிருச்சேக்கா. உங்களுக்கு அது புள்ளை மாதிரி. என்னை மன்னிச்சுருங்க."

கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். வேறு என்ன கொண்டுவர இருக்கிறது அவளிடம்?

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாப்பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் அழுதாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கத்தரிக்காயைத் தொட முடியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கத்தரிக்காய் அழுகத் தொடங்கிவிட்டது. இவர் எடுத்து உரக்குழியில் போட்டார். போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஒருநாளும் உன்ன எதுவும் சொன்னதில்ல அமலி. இப்பவும் சொல்லல. ஆனா அந்தப் புள்ளை உங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து குழுக் கூட்டம். தேநீர், பிஸ்கட், கணக்கு. எல்லாம் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. சவுந்தரி மாசித் தவணைக்கு இன்னும் பத்து நாள் கேட்டாள். ரெக்சலினுக்குப் பொறுக்கவில்லை.

"எச்சச் சோத்துல காச மிச்சம் பிடிக்கப் பாத்த இல்ல, இப்ப அனுபவி. ஊருக்கே நோயக் கொண்டு வந்துட்டு டயம் வேற கேக்குறா" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கோபம் என்று தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது, அது தெரியும்.

"வாய மூடுடி. நோயக் கொண்டு போனது நான். சூசை பட்டியில சாணிய மிதிச்ச பூட்ஸோட, அவன் குட்டி கெடந்த சாக்கோட, அவ பட்டிக்குள்ள எறங்கினது நான். சீர்க்குட்டிக்கு ஆலாப் பறந்தேன். டாக்டரம்மா கேட்டப்ப எங்கயும் போகலன்னு சொன்னது நான். தாய் படுத்திருச்சுக்கான்னு இவ கேட்டப்ப ரெண்டு நாள் பாருன்னு சொன்னதும் நான்தான். உயிரோட இருந்தாத்தான் பணம்னு எனக்குத் தெரியும். இவளுக்குச் சொல்லல. என் மாப்பிள்ளைய வட்டத்துக்குள்ள கொண்டு வந்துருவாங்கன்னு சொல்லல. போதுமா? இனி எவளாச்சும் மண்டபத்துச் சோறுன்னு பேசுனீங்க, பாத்துக்குங்க."

பேசி முடித்த பிறகுதான் யார் முன்னால் கத்துகிறேன் என்றே உறைத்தது. ரெக்சலின் வாய் திறந்தபடி இருந்தது. நான் சவுந்தரியைப் பார்த்தேன். அவள் கையில் தேநீர் டம்ளர் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டரம்மாவைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மச்சக்குட்டி உட்பட. அவர் கையில் இருந்த பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். இப்போதாவது சவுந்தரிக்கு ஏதாவது செய்ய வழி உண்டா என்றேன்.

"செத்துப்போனதுக்குக் குடுக்க எனக்கு வழியில்லம்மா. நான் பாக்கிறப்ப ஒண்ணுகூட உயிரோட இல்ல. நீங்க சொன்னத மேல எழுதி அனுப்புறேன். அந்தக் குட்டிப் பணத்தத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், வேற கேள்வியும் வரலாம். தயாரா இருங்க" என்றார். பிறகு, "அந்தக் குட்டி உங்களுது இல்லன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு. அழுத்திக் கேட்டிருக்கணும். அப்புறமா பாத்தா உங்க கையில வெல்லம் இருந்துச்சு. கேக்க மனசு வரல" என்றார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு நேரே வங்கிக்குப் போய், இழப்பீடாக வந்த பணம் முழுவதையும் எடுத்தேன். கரட்டடிக்குக் கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் அரவம் கேட்டது. "சவுந்தரி" என்று கூப்பிட்டேன். அரவம் நின்றுபோனது. அண்ணிதான் ஜன்னல் வழியாக, "அவ இல்லன்னு சொல்லச் சொன்னா" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

அவளே வந்தாள். இந்தத் தடவை செருப்பை ரோட்டில் விடவில்லை, வாசல்வரை போட்டுக்கொண்டு வந்தாள். இவர் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரவில்லை.

பணத்தைப் பையோடு கொண்டுவந்து நீட்டினேன். "எல்லாம் உனக்குத்தான். எனக்கு எதுவும் வேணாம்" என்றேன்.

"எனக்கு எதுக்கு உங்க பன்னிப் பணம்?" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. "எம் பன்னிக்கு மட்டும் குடுங்க. அரசாங்கம் உங்களுக்கு எடைக்கு என்ன போட்டுச்சோ, அதே கணக்கு. கூட ஒரு ரூபாய் குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

எடை போட இப்போது எந்தப் பன்றி இருக்கிறது? வாசலில் நின்றபடியே இருவரும் நினைவில் வைத்துப் போட்டோம். பெரிய தாய்க்கு நான் ஒரு எடை சொன்னேன். "அவ்வளவு வராது, ஈன பெறகு எளச்சுப் போச்சு" என்று குறைத்தாள். சின்னதற்கும் குறைத்தாள். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த முதுகுகளைத் தடவிப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? கூடுதலாகக் கொடுக்க நான் வாதாடினேன், குறைவாக வாங்க அவள் வாதாடினாள். இவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார். முதலில் சொன்னதை அடித்து, அவள் சொன்னதை எழுதினார்.

"குட்டி பதினொண்ணு" என்றேன்.

"பத்து."

"பதினொண்ணு சவுந்தரி. மச்சக்குட்டி. அதுக்கும் எனக்குப் பணம் வந்திருக்கு. டாக்டரம்மா திருப்பிக் கேட்டா அதை நான் தனியாக் கட்டிக்கிறேன்."

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அது உங்க மாப்பிள்ளைக்கு நான் குடுத்த சீரு. குடுத்தது குடுத்ததுதான். அதுக்கு நான் எப்படிக் காசு வாங்குவேன்?" என்றாள்.

இவர் காகிதத்தில் பத்து என்று எழுதினார்.

பணத்தை வாங்கி, இரண்டு முறை எண்ணி, மடியில் செருகிக்கொண்டாள். செங்கல் திரும்ப வாங்க இது காணும். படி இறங்கி, கொஞ்ச தூரம் போய், திரும்பி நின்றாள்.

"இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்கக்கா."

அவள் ரோட்டில் ஏறி மறைகிறவரை நின்றிருந்தேன். அக்கா என்றுதான் சொன்னாள்.